நே வின்னைத் திட்டுகிறோம், லீயைக் கும்பிடுகிறோம்: இரும்புக்கை ஆட்சி பற்றி ஒரு பதில்

தேவகோட்டைத் தம்பி ஒருவர், இப்போது சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், இப்படிக் கேட்டிருந்தார்: "எங்கள் ஐயா, பர்மாவை ஆண்ட ராணுவத் தலைவர் நே வின் பெயரைக் கேட்டாலே கொதித்துப்போவார். பர்மாவில் இருந்த வயல் எல்லாம் அந்த ஆளால்தான் போச்சு என்பார். அப்பச்சியோ சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ குவான் யூ படத்தைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார். இரண்டு பேருமே எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் தள்ளியவர்கள்தானே? பிறகு ஏன் ஒரு நாடு அழிந்தது, இன்னொன்று செழித்தது? நம் நாட்டுக்கும் லீ மாதிரி ஒருவர் வந்தால்தான் உருப்படும் என்று அப்பச்சி சொல்வது சரியா?"

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்பச்சி சொல்வதை நான் ஏற்கவில்லை. ஐயா சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. இதை எழுத எனக்கு என்ன தகுதி என்றால், காரைக்குடிப் பக்கம் முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன், அதைவிட முக்கியமாக, என் தாத்தா பர்மாவின் பியாப்போனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. முதலாளி வீட்டுக் கதையும் தெரியும், சம்பளத்துக்குப் போனவன் வீட்டுக் கதையும் தெரியும் என்ற இடத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் ஐயா விஷயம். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான் சொல்வார்கள், ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பர்மாவில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் முதலில் வந்தது 1948-ல், விரிவாக மறுபடி வந்தது 1953-ல். அப்போது பிரதமர் ஊ நூ. மக்கள் ஓட்டில் ஜெயித்தவர், நேருவின் நண்பர், பக்தியான பௌத்தர். நே வின் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தது 1962 மார்ச் 2-ம் தேதி. அதாவது செட்டியார்களின் வயலை எடுத்தது சர்வாதிகாரி இல்லை, தேர்தலில் வந்த பாராளுமன்றம். இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியிருந்தது, ஊருக்கு வந்து சேர்ந்தது அற்பம். அது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராளுமன்றம் ஏன் அப்படிச் செய்தது என்பதை நம் வீடுகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள், 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டா முழுக்கச் சதுப்புக் காட்டை வெட்டி நெல் போட ஆரம்பித்தார்கள். விவசாயிக்கு முதல் வேண்டும். ஆங்கிலேய வங்கி அவனுக்குக் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் சொந்தப் பணத்தையும் ஊரில் வாங்கிய டெபாசிட்டையும் சேர்த்து அவனுக்குக் கொடுப்பார். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது, அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் அளவில். அன்றைய 75 கோடி! கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நீங்கள் பார்க்கிற பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் 1930-ல் உலகச் சந்தை படுத்தது. நெல் விலை கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. நம்மவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை, அவர்களுக்கு ரொக்கம்தான் வேண்டும், விலை விழுந்த வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைத்துப்போனார்கள் என்று தாத்தா சொல்வார். அதை நான் நம்புகிறேன். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கையில் இருந்தது 6 சதவீத நிலம், 1938-ல் அது 25 சதவீதம். எட்டே வருடத்தில் நாலில் ஒரு பங்கு. தன் அப்பன் காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கிற பர்மாக்காரனுக்கு, கடல் தாண்டி வந்த வட்டிக்கடைக்காரரின் தர்மசங்கடம் எப்படித் தெரியும்? ரங்கூனிலோ 1931 கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சொந்தத் தலைநகரில் சிறுபான்மை ஆகிப்போன மக்கள் அவர்கள். 1930 கடைசியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி, 1938-ல் இந்தியருக்கு எதிரான கலவரம், 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் அஸ்ஸாம் வரை நடந்தே ஓடிய லட்சக்கணக்கான நம் ஆட்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சுதந்திரம் வாங்கித் தந்த ஆங் சான் 1947 ஜூலையில் சுட்டுக் கொல்லப்படாமல் இருந்திருந்தாலும் நில விஷயத்தில் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எந்தத் தலைவர் வந்தாலும் அந்த வயல்களைத் தொடாமல் ஆண்டிருக்க முடியாது.

சரி, அப்படியானால் நே வின் என்ன செய்தார்? நிலத்தை அல்ல, மிச்சம் இருந்த எல்லாவற்றையும் எடுத்தார். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள், மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம், எல்லாம். அதே வருடம் மே மாதம் 50, 100 சாட் (பர்மாப் பணம்) நோட்டுகள் செல்லாது என்றார். போருக்குப் பிறகு முதலாளி ஊர் திரும்பிவிட, தாத்தா பியாப்போனிலேயே ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் சிப்பாய்கள் வந்து, சாமானை எல்லாம் எழுதிக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். ரசீது கொடுத்தார்களாம். அந்த ரசீதை எந்த ஆபீசில் கொண்டுபோய்க் காட்டுவது என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. கப்பலில் ஏறும்போது ஆளுக்குக் கொஞ்சம் நகை, சொற்பப் பணம். அந்தச் சில வருடங்களில் அப்படி வெளியேறிய இந்தியர்கள் 3 லட்சம் பேர் அளவில். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பர்மா காலனி என்று இருப்பதும், சென்னையில் பர்மா பஜார் வந்ததும் இப்படித்தான். ஐயா இந்த வேதனையையும் 1948 சட்டத்தையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறார். இரண்டும் வேறு.

வயல் போனது ஒரு நாட்டின் கோபம், சட்டமாக வந்தது. 1964-ல் நடந்தது ஒரே ஒரு மனிதனின் விருப்பம். யாரிடமும் முறையிட முடியாத விருப்பம். ஆட்சியைப் பிடித்த கையோடு அரசியல் சட்டத்தை நிறுத்தினார், பிரதமர் ஊ நூவையும் தலைமை நீதிபதி மியின்ட் தெயினையும் சிறையில் வைத்தார், நீதிபதி வெளியே வர 1968 ஆயிற்று. நாட்டின் முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தைக் அதே 1962 நவம்பரில் காவலிலேயே இறந்துபோனார். ஜூலையில் மாணவர்கள் போராடியபோது ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சுட்டார்கள், மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆங் சான் முதல் நே வின் வரை அந்தத் தலைமுறைத் தலைவர்களின் சுதந்திரப் போராட்டத்தோடு பின்னிக்கிடந்த கட்டடம் அது.

சிங்கப்பூரோடு ஒப்பிட வேண்டிய இடம் எனக்கு எப்போதும் ஆங் ஜீ என்ற ராணுவ அதிகாரிதான். நே வின்னுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், எல்லாவற்றையும் நாட்டுடைமை ஆக்காதீர்கள், தனியார் தொழிலுக்கும் இடம் விடுங்கள் என்று சொன்னவர். 1963 பிப்ரவரியில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நே வின் அறையில் "வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லை. போருக்கு முன் வருடத்துக்கு 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த நாடு, 1967-ல் சொந்த ஊர்களிலேயே அரிசிப் பஞ்சத்தைப் பார்த்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டு, 45, 90 என்று புது நோட்டு அடித்தார். இரண்டும் 9-ஆல் வகுபடும் என்பதுதான் காரணம் என்று ஊரே பேசியது. அதே வருடம் டிசம்பரில் ஐ.நா. சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு தலைவரைச் சுற்றி வேண்டாம் என்று சொல்லும் வாய்கள் அடைபட்டால் எதுவரை போகும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது லீ. 1959 ஜூனில் பிரதமர் ஆனார், 1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து தள்ளப்பட்டுத் தனி நாடு. பின்னால் விளைநிலம் இல்லை, குடிக்கும் தண்ணீர் ஜோகூரிலிருந்து. உங்கள் அப்பச்சி கவனிக்காத ஒரு விஷயம் சொல்கிறேன்: லீயும் நிலத்தை எடுத்தவர்தான். 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1973 நவம்பர் விலைக்கு மேல் தரமாட்டோம் என்று பிறகு அதில் சேர்த்தார்கள், ஆகவே 1980-ல் எடுத்தாலும் பழைய விலைதான். எத்தனையோ நிலக்காரர்கள் கண்ணீர் விட்டார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வரிசையாக இருந்த நம் செட்டியார் கிட்டங்கிகளும் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள்) 1970-களின் கடைசியில் நகரச் சீரமைப்பில் போயின. நூறு வருடத்துக்கு மேல் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்த இடம். இன்று அந்தப் பக்கம் நீங்கள் நடந்துபோனால் வானுயரக் கட்டடங்கள்தான் இருக்கும்.

ஆனால் பர்மாவில் சாவியைக் கொடுத்தவனுக்கும் இங்கே இடத்தைக் கொடுத்தவனுக்கும் நடந்தது ஒன்றில்லை. இங்கே குறைந்த விலையானாலும் காசோலை வந்தது, சட்டத்தின் எந்தப் பிரிவு என்று தெரிந்தது, எடுத்த இடத்தில் என்ன கட்டினார்கள் என்று கண்ணால் பார்க்க முடிந்தது. 1960-ல் பத்துப் பேரில் ஒருவர்கூட அரசு அடுக்குமாடியில் இல்லை, 1985-ல் பத்தில் எட்டுப் பேர் அங்கே. கோமணத்தோடு கப்பல் ஏறிப்போன தமிழ்க் கூலியின் பேரனுக்கும் அதில் ஒரு வீடு. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. பர்மாவிலோ 1982 குடியுரிமைச் சட்டத்தில், 1823-க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனத்தவர்தான் முழுக் குடிமக்கள் என்று எழுதினார்கள், மற்றவர்களுக்கு அரைகுறைக் குடியுரிமை. மூன்று தலைமுறையாகப் பீகூவில் பிறந்து வளர்ந்த தமிழனை ஒரு வருடக் கணக்கைக் காட்டி வெளியாள் ஆக்கிவிட்டார்கள்.

லீயின் அறையில் "வேண்டாம்" சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கோ கெங் சுவீ என்ற பொருளாதாரக்காரர் லீயின் நிழலில் நின்றவர் இல்லை, சமமாக நின்று சண்டை போட்டவர். ஹாலந்து நாட்டுப் பொருளாதார நிபுணர் வின்செமியஸ் 1960-ல் ஐ.நா. குழுவோடு வந்து 1984 வரை ஆலோசனை சொன்னார். சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் சிலையைத் தூக்காதீர்கள், வெளிநாட்டு முதலீட்டாளன் அதைப் பார்த்துத்தான் உங்களை எடைபோடுவான் என்றார், கேட்டுக்கொண்டார்கள். வெளியுறவை யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம் பார்த்தார். 1986-ல் தே சியாங் வான் என்ற அமைச்சர்மேல் லஞ்சப் புகார் வந்தது. லீயின் கூடவே இருந்தவர், லீயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், விசாரணை முடியும் வரை பார்க்க முடியாது என்று லீ சொல்லிவிட்டார். அந்த மனிதர் டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். கொடுமையான முடிவுதான். ஆனால் தன் சொந்தப் பெட்டியின் கணக்கையும் இன்னொருவன் பார்க்கலாம் என்று ஒரு தலைவர் விட்டுவைத்தது ஆசியாவில் அன்று அபூர்வம்.

இந்த இரண்டு பேரும் நேரிலும் சந்தித்திருக்கிறார்கள். 1960-களில் ரங்கூனில் நே வின்னோடு கோல்ஃப் ஆடியதை லீ பின்னாளில் எழுதியிருக்கிறார். மைதானத்தைச் சுற்றிலும் துப்பாக்கியோடு காவலர்கள், பந்தை அடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நே வின் தலையில் இரும்புத் தொப்பி. சொந்த நாட்டில், சொந்த வீரர்களுக்கு நடுவில். படிக்கும்போது எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது.

இவ்வளவு சொன்னதால் லீ கணக்கில் பற்றே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த இடத்தில்தான் உங்கள் அப்பச்சியோடு எனக்கு முழுச் சண்டை. 1963 பிப்ரவரி 2-ம் தேதி ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் பிடித்தார்கள், கம்யூனிஸ்ட் என்று சொல்லி. விசாரணை கிடையாது. சியா தை போ என்ற இளைஞர், பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1966-ல் உள்ளே போனார், 1989-ல்தான் சிறையைவிட்டு வெளியே வந்தார், அதற்குப் பிறகும் ஒரு தீவில் அடைபட்டுக் கிடந்தார், எல்லாக் கட்டுப்பாடும் நீங்க 1998 ஆயிற்று. 23 வருடம் ஒரு நீதிபதி முன்னால்கூட நிறுத்தாமல்! மண்டேலாவுக்காக உலகம் அழுதது, இவர் பெயர் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் ஜெயரத்தினம். 1981 இடைத்தேர்தலில் ஜெயித்து, பதிமூன்று வருடமாக ஆளுங்கட்சி மட்டுமே உட்கார்ந்திருந்த சபைக்குள் தனியாளாகப் போனவர், நம்மவர். வழக்குமேல் வழக்கு, பதவி போயிற்று, வக்கீல் உரிமம் போயிற்று. 1988-ல், அன்று சிங்கப்பூர் வழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இவருக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்று சொல்லி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடமே அந்த மாதிரி வழக்குகள் பிரிவி கவுன்சிலுக்குப் போகாதபடி சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2001-ல் திவால் ஆக்கினார்கள். அந்த வயதான மனிதர் தெருவோரம் நின்று தன் புத்தகத்தைத் தானே விற்றார். இவர்கள் இருவரையும் சிறையிலும் தெருவிலும் நிறுத்தாமல் இருந்திருந்தால் சிங்கப்பூரில் ஒரு அடுக்குமாடியாவது குறைந்திருக்குமா? கோ கெங் சுவீயின் கணக்கு தப்பிப் போயிருக்குமா? இல்லை. செழிப்புக்கு அந்தச் சிறை தேவைப்படவில்லை. செழிப்பு இருந்ததால் சிறையை மக்கள் மன்னித்தார்கள், அவ்வளவுதான்.

லீயைக் காட்டி இரும்புக்கை வேண்டும் என்பது, பரிசு விழுந்த ஒரே சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கும் லாட்டரிக் கடை மாதிரி. விழாத சீட்டுகளைக் குப்பைக் கூடையில்தான் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் 1972-ல் ராணுவச் சட்டம் போட்டபோதும் ஒழுங்கு வரும் என்றுதான் கைதட்டினார்கள், 1986-ல் கடனையும் மனைவியின் செருப்புகளையும் விட்டுவிட்டு ஓடினார். இந்தோனேசியாவில் சுஹார்த்தோ 30 வருடத்துக்கு மேல் ஆண்டு, அரிசியில் தன்னிறைவு கொண்டுவந்து, கடைசியில் பிள்ளைகளின் கம்பெனிகளைக் கேட்க ஆளில்லாமல் போய், டாலருக்கு 2,400 ஆக இருந்த ரூபியா 1998-ல் 15,000-ஐத் தாண்டியபோது வீட்டுக்குப் போனார். தென்கொரியாவில் பார்க் சுங் ஹீ நாட்டை உயர்த்தினார் என்பது உண்மை. 1979 அக்டோபரில் அவரைச் சுட்டது அவருடைய சொந்த உளவுத்துறைத் தலைவர், இரவுச் சாப்பாட்டு மேசையில். அவரை இறக்க வேறு வழியே இல்லாமல் அவரே அடைத்து வைத்திருந்தார்.

தூரம் எதற்கு, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சுதந்திரம் வாங்கிய காலத்தில் இலங்கைதான் மாதிரி நாடு என்று லீயே நினைத்திருந்தார். 1956-ல் பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் என்றார், அதை விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன். 2019 நவம்பரில் நாட்டுக்கு ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும் என்று சொல்லி 69 லட்சம் பேர் கோத்தபய ராஜபக்சவுக்கு ஓட்டுப் போட்டார்கள். சிங்கப்பூர் மாதிரி ஆக்குவார் என்றார்கள் அங்கேயும்! 2020-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் குவித்தார்கள். வரியைக் குறைத்தார், கஜானா காலி. 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார், விவசாய விஞ்ஞானிகள் கத்தினார்கள், கேட்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலை 9-ல் மக்கள் மாளிகைக்குள் புகுந்தார்கள், நான்கு நாளில் அவர் விமானம் ஏறினார். அந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்தே தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களை நாம் பார்த்தோமே. அரிசி விலை தாங்காமல் வந்தோம் என்றார்கள். இது நடந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது, அதற்குள் மறந்தா போயிற்று நமக்கு?

தாத்தா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரு ஏற்பாடு இருந்தது, அது உங்கள் குலத்தின் ஏற்பாடு, அப்பச்சிக்கும் தெரிந்திருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகிற மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். மூன்று வருடம். முதலாளி ஊரில், கடை கடலுக்கு அப்பால், லட்சக்கணக்கான பணம் மேலாள் கையில். அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், கடையை இரண்டு மடங்கு ஆக்கியிருந்தாலும், தவணை முடிந்தால் அடுத்த ஆள் வந்து இறங்குவான். பேரேட்டைத் திறந்து, ஒவ்வொரு கடனாகப் படித்து, இது வரும், இது வராது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்து, ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) எடுத்து, கையெழுத்துப் போட்டு, பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டும். அந்த ஒப்படைப்பு நாளில் கணக்கப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும் என்பார் தாத்தா. யார்மீதும் சந்தேகம் இருந்து இதைச் செய்யவில்லை. சொந்தத் தம்பியை அனுப்பினாலும் இதே முறைதான். எந்த நல்லவனையும் கணக்குக் கேட்காமல் விட்டால் மூன்றாவது வருடத்துக்குப் பிறகு பணம் தன்னுடையது என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறையை வைத்து அந்தத் தலைவர்களைப் பாருங்கள். நே வின் 26 வருடம் பேரேட்டைத் திறக்கவே இல்லை. 1988 ஜூலையில் கட்சித் தலைமையை விட்டார், ஆனால் சாவியைக் கொடுத்தது மக்களிடம் இல்லை, ராணுவத்திடம். ஆகஸ்ட் 8-ல் எழுந்த மக்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 1990 தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி 392 இடம் ஜெயித்தது, ராணுவம் சபையைக் கூட்டவே இல்லை. 2015-லும் 2020-லும் அதே மக்கள் அதே கட்சியை ஜெயிக்க வைத்தார்கள், 2021 பிப்ரவரி 1-ல் மறுபடி ராணுவம். நே வின் கடைசியில் 2002-ல் வீட்டுக்காவலில் செத்தார், அவர் வளர்த்த ராணுவமே வைத்த காவல். லீ 31 வருடம் இருந்துவிட்டு 1990-ல் கோ சோக் தோங்கிடம் கொடுத்தார், ஆனாலும் 2011 வரை அமைச்சரவையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார், 2004-ல் மகன் பிரதமர். பாதி ஒப்படைப்பு. கணக்கை ஊழல் தடுப்புக்காரர் பார்க்கலாம், முதலீட்டாளர் பார்க்கலாம், எதிர்க்கட்சி மட்டும் பார்க்கக்கூடாது என்று வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கிறார்கள். 2024-ல் அமைச்சராக இருந்த ஈஸ்வரன் சிறைக்குப் போனதைப் பார்த்தால் பழைய பழக்கம் விட்டுப்போகவில்லை என்று தெரிகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

தென்கொரியாவுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அப்பச்சிக்குக் காட்ட வேண்டிய படம் அங்கேதான் இருக்கிறது. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். சபைக் கட்டடத்துக்கு வீரர்கள் வந்து இறங்கினார்கள். உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள், வெளியே சாதாரண ஜனங்கள் வீரர்களை மறித்து நின்றார்கள். சில மணி நேரத்தில் 190 பேர் கூடி, 190 பேரும் செல்லாது என்று ஓட்டுப் போட்டார்கள், விடிவதற்குள் உத்தரவு வாபஸ். அடுத்த ஏப்ரல் 4-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பார்க் சுங் ஹீ காலத்தில் ஒருவரை இறக்கத் துப்பாக்கி வேண்டியிருந்தது. இப்போது ஒரு தீர்மானம் போதுமானதாக இருந்தது. அந்த நாடு ஏழை ஆகிவிட்டதா? இல்லையே.

ஆகவே அப்பச்சி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: லீயிடம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. லஞ்சத்தில் கூட்டாளியைக்கூட விடாதது, தன்னைவிடக் கெட்டிக்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்தது, கூலி வேலைக்காரனுக்கும் வீடு கொடுத்தது, நாலு மொழிக்கும் மரியாதை வைத்தது. இவற்றில் ஒன்றுக்கும் சியா தை போவைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. படத்தைக் கழற்றச் சொல்லி வயசானவரோடு மல்லுக்கட்டாதீர்கள், அவருக்கு அந்த ஊர் வாழ்வு கொடுத்திருக்கிறது.

ஐயாவிடம் வேறு ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டில் இரண்டாங்கட்டிலோ மாடி அறையிலோ பர்மாக் கடையின் பேரேடு, நிலப் பத்திரம், சம்பளச் சீட்டு ஏதாவது பெட்டியில் கிடக்கும். வீடுகளை இடித்துத் தூணையும் கதவையும் விற்கிற இந்த நேரத்தில் அந்தக் காகிதங்கள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, நானே இரண்டு முறை பழைய பேப்பர் கடையில் பணம் கொடுத்து மீட்டிருக்கிறேன். எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். எந்த மாவட்டத்து நிலம், எந்த வருடம் அடமானத்தில் வந்தது, யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள். 1930-க்கும் 1938-க்கும் நடுவில் வந்ததாக இருந்தால் அதில் ஒரு பர்மாக்காரர் பெயரும் இருக்கும், பர்மிய எழுத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பெயரையும் ஐயாவிடம் படித்துக் காட்டுங்கள், அவருக்கு அந்த எழுத்து இன்னும் மறந்திருக்காது.